மாறுவதைத் தனியே வை: டர்பன் கோயில் பதிவேட்டுக்கு ஒரு ஸ்கீமா

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் பதிவேடு எக்செல் தாளில் இருக்கிறது. மேலே தலைப்புகள்: உறுப்பினர் எண், பெயர், அடையாள எண், முகவரி, அஞ்சல் குறியீடு, கைபேசி 1, கைபேசி 2, குடும்பத்தார், வாசிக்கும் வாத்தியம், காவடி 2023, காவடி 2024, காவடி 2025, நன்கொடை, குறிப்பு. சில நூறு பேர் வரை இது ஓடும். ஒரே பார்வையில் எல்லாம் தெரிவதால் குறை எதுவும் கண்ணில் படாது.

மாற்றம் வரும்போதுதான் தாள் திணறும். ஆண்டு பிறந்தால் புது நெடுவரிசை. மூன்றாவது கைபேசி எண் வந்தால் அது ‘குறிப்பு’க்குள் போகும், அங்கே போனதை யாரும் தேடி எடுக்கப்போவதில்லை. கணவரின் வரிசையிலும் மனைவியின் வரிசையிலும் ஒரே முகவரி இருக்கும். நகரின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸுக்கு வீடு மாறியதும் ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து எது சரி என்று தாளைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இந்தத் தாளைத் தரவுத்தளமாக்கி, அதன் அட்டவணை அமைப்பை (ஸ்கீமாவை) வரைய உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நார்மலைசேஷன், அதாவது ஒரு தகவல் ஓரிடத்தில் மட்டும் இருக்கும்படி அட்டவணைகளைப் பிரிப்பது என்றதும் முதல் நார்மல் ஃபார்ம், இரண்டாவது, மூன்றாவது என்று மனப்பாடம் செய்தது நினைவுக்கு வரும். 1970-இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் ரிலேஷனல் மாடலை முன்வைத்ததிலிருந்து வளர்ந்த விதிகள் அவை. எல்லாம் இன்றும் செல்லும். ஆனால் வெள்ளைப் பலகை முன்னால் நிற்கும்போது எனக்கு உதவுவது வேறொரு கேள்வி. ஒவ்வொரு நெடுவரிசையையும் காட்டிக் கேட்க வேண்டும்: இது எப்போது மாறும், யார் மாற்றுவார், மாறினால் கூடவே எது மாறும்? சேர்ந்து மாறுபவை ஓர் அட்டவணையில் இருக்கட்டும். வெவ்வேறு காரணத்தால் மாறுபவை பிரியட்டும். இப்படிப் பிரித்தாலே மூன்றாவது நார்மல் ஃபார்ம் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

காவடிக்கு எத்தனை அட்டவணை?

‘காவடி 2023’, ‘காவடி 2024’ என்று வைத்தபோது ஆண்டு என்ற தரவு தலைப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தலைப்புக்குள் போன தரவைக் கொரியால் (query, தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியால்) தொட முடியாது. தொடர்ந்து மூன்று ஆண்டு காவடி எடுத்தவர்கள் யார் என்று கேட்டால், ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கொரியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

உடனே தோன்றும் தீர்வு: ‘காவடி’ என்று ஓர் அட்டவணை, அதில் உறுப்பினர் எண், ஆண்டு, இரண்டும் சேர்ந்து யூனிக், அதாவது அதே இணை இரண்டாம் முறை வரக் கூடாது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு. டர்பன் இருக்கும் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் தைப்பூசத்துக்கும் காவடி உண்டு, சித்திரைப் பருவத்துக்கும் உண்டு. ஒரே பக்தர் ஒரே ஆண்டில் இரண்டுக்கும் எடுக்கலாம். இரண்டாவது பதிவை யூனிக் விதி மறுக்கும். பதிவு மேசையில் இருக்கும் தொண்டர் முன்னால் நீண்ட வரிசை நிற்கும். அவர் ஆண்டை ஒன்று குறைத்துப் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். தவறான கட்டுப்பாடு தரவைக் காப்பாற்றாது. பொய்த் தரவை உள்ளே வரவழைக்கும்.

உண்மையில் இங்கே கலந்து கிடப்பவை இரண்டு. தைப்பூசம் என்பது ஒன்று; 2025-ஆம் ஆண்டுத் தைப்பூசம் என்பது வேறொன்று. முதலாவதற்குப் பெயர் உண்டு, நாள் கிடையாது. இரண்டாவதற்கு நாள் உண்டு: 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. ஆகவே ‘திருவிழா’ ஓர் அட்டவணை, ‘திருவிழா_நிகழ்வு’ இன்னோர் அட்டவணை. நிகழ்வில் திருவிழா எண், தொடக்க நாள், முடிவு நாள். ‘காவடிப்_பதிவு’ நிகழ்வைச் சுட்டும். அதில் எடுப்பவரும் நிகழ்வும் சேர்ந்து யூனிக். இங்குள்ள மாரியம்மன் கோயில்களில் புனித வெள்ளியன்று நடக்கும் தீமிதியும் இதே இடத்தில் அடங்கும். திருவிழாவில் ஒரு வரிசை, ஆண்டுக்கு ஒரு நிகழ்வு. நாளைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் நிரல் எழுத வேண்டாம். குழு ஒரு நாளைத் தள்ளிவைக்க முடிவெடுத்தால் ஒரு வரிசையைத் திருத்தினால் போதும் என்ற நிலை இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. காவடி எடுப்பவரும் நேர்த்திக்கடனுக்கு உரியவரும் ஒருவரேதானா? பிள்ளைக்கு நோய் தீர வேண்டும் என்று அப்பா நேர்ந்துகொண்டு எடுப்பது சாதாரணம். அப்படியானால் ‘எடுப்பவர்’, ‘யாருக்காக’ என்று இரண்டு ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் நெடுவரிசை), இரண்டும் உறுப்பினர் அட்டவணைக்கே. இதைத் தெரிந்துகொள்ள எந்தப் பாடப்புத்தகமும் உதவாது. பதிவு மேசையில் பல ஆண்டு உட்கார்ந்த ஓர் அக்காவிடம் அரை மணி நேரம் பேசினால் போதும்.

இதே தவறு வேறு உருவங்களிலும் வரும். பூஜையும் இன்று நடக்கும் பூஜையும், மண்டபமும் மண்டப முன்பதிவும், பொறுப்பும் அந்தப் பொறுப்பில் ஒருவர் இருந்த காலமும். ‘தலைவர்’ என்ற நெடுவரிசையைச் சங்க அட்டவணையில் வைத்தால், அடுத்த பொதுக்கூட்டத் தேர்தலில் பழைய தலைவர் வரலாற்றிலிருந்தே அழிந்துவிடுவார்.

அடையாள எண்ணைக் கீயாக வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கு வரிசை எண். 5000-க்குக் கீழே பெண், 5000 முதல் ஆண். 11-ஆவது இலக்கம் குடிமக்களுக்கு 0, நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு 1. கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து லூன் முறையில் கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு. ஒவ்வொருவருக்கும் தனி எண், அரசே தருவது. பிரைமரி கீயாக (ஒவ்வொரு வரிசையையும் சுட்டும் முதன்மை அடையாளமாக) வைக்கலாமே என்று கை துடிக்கும்.

வைக்கக் கூடாது. பொருள் பொதிந்த எண், அந்தப் பொருள் மாறும்போது தானும் மாறும். 2003-ஆம் ஆண்டின் 49-ஆம் சட்டப்படி ஒருவர் தம் பாலினக் குறிப்பை மாற்றிக்கொண்டால் அடையாள எண்ணே புதிதாகிறது. நிறவெறி ஆட்சியில் இந்த எண்ணுக்குள் இனப்பிரிவும் குறிக்கப்பட்டிருந்தது. பின்னால் அது எடுக்கப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்; ஒரு நெடுவரிசைக்குள் அரசியலையே அடைத்து வைக்க முடியும். அதோடு, இந்தியாவிலிருந்து பணி விசாவில் வந்த குருக்களுக்கு இந்த எண்ணே கிடையாது. பாஸ்போர்ட் எண் இருக்கும், புதுப்பித்தால் அதுவும் மாறும்.

ஆகவே உறுப்பினருக்குப் பொருளற்ற ஓர் எண்ணைத் தரவுத்தளமே கொடுக்கட்டும். அடையாளங்கள் ‘அடையாள_ஆவணம்’ என்ற தனி அட்டவணைக்குப் போகட்டும்: உறுப்பினர் எண், வகை, வழங்கிய நாடு, ஆவண எண், எந்த நாள் முதல், எந்த நாள் வரை. வகை, நாடு, ஆவண எண் மூன்றும் சேர்ந்து யூனிக். இந்த யூனிக்கை மறப்பவர்கள் நிறையப் பேர். தானாக ஏறும் எண் மட்டும் இருந்தால் ஒரே ஆளை ஐந்து முறை பதியலாம், தரவுத்தளம் வாய் திறக்காது. தனி அட்டவணையால் இன்னொரு நன்மையும் உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அடையாள எண்ணைப் பார்க்கும் உரிமையைச் சிலருக்கு மட்டும் தருவதும், தேவை முடிந்ததும் அழிப்பதும் தனி அட்டவணையில் சுலபம்.

நெடுவரிசையின் வகை எழுத்தாக இருக்க வேண்டும், எண்ணாக அல்ல. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் அடையாள எண் 0-வில் தொடங்கும். எக்செல் அந்த 0-வைத் தின்றுவிட்டு 12 இலக்கத்தைத் தரும். 2000-இல் பிறந்தவர்களுக்கு 11 இலக்கமோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும். இறக்குமதி செய்யும்போது நீளம் குறைந்தவற்றை முன்னால் 0 போட்டு 13 ஆக்கி, லூன் சரிபார்ப்பில் தேறுகிறதா என்று பாருங்கள். கைபேசி எண்ணுக்கும் இதே கதி. கூட்டிக் கழிக்கப் போகாத எண்ணை எழுத்தாகவே வையுங்கள்.

அஞ்சல் குறியீடு பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. பாடப்புத்தகத்தில் மூன்றாவது நார்மல் ஃபார்முக்கு எடுத்துக்காட்டாக ‘ஊர் தெரிந்தால் குறியீடு தெரியும்’ என்று வரும். இங்கே அது பொய். டர்பன் நகர மையத்தில் தெரு முகவரிக்கு 4001, அஞ்சல் பெட்டிக்கு 4000. ஊரும் முகவரி வகையும் சேர்ந்துதான் குறியீட்டைத் தீர்மானிக்கின்றன. எது எதைத் தீர்மானிக்கிறது என்பது உலகத்தைப் பற்றிய கேள்வி. மாதிரித் தரவில் இருபது வரிசையைப் பார்த்து முடிவு கட்டினால் இப்படித்தான் சறுக்கும். முகவரிகளை வைத்து பெரிதாக ஒன்றும் செய்யப் போவதில்லை என்றால், குறியீட்டை முகவரி வரிசையிலேயே விட்டுவிடுங்கள். பாவமில்லை.

நாள் குறித்த உண்மைகள்

கோயில் மண்டபத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள், குழு மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரி விகிதம் 1993 ஏப்ரல் முதல் 14%. 2018 ஏப்ரல் 1 அன்று 15% ஆனது. நிரலுக்குள் 0.14 என்று எழுதியவர்கள் அன்று ஒவ்வொரு கோப்பாகத் தேடினார்கள். அமைப்புகள் அட்டவணையில் ‘வரி = 14’ என்று ஒரே வரிசை வைத்திருந்தவர்கள் அதை 15 ஆக்கினார்கள்; அடுத்த நாள் 2017-ஆம் ஆண்டு விலைப்பட்டியலை மறுபடி அச்சடித்தால் 15% என்று வந்தது. இரண்டாவது தவறுதான் மோசமானது, ஏனென்றால் யார் கண்ணிலும் உடனே படாது.

‘வரி_விகிதம்’ அட்டவணையில் விகிதம், முதல் நாள், முடிவு நாள் என்று மூன்று நெடுவரிசை வையுங்கள். முதல் நாள் உள்ளே, முடிவு நாள் வெளியே என்று ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 14% வரிசை 2018-04-01 அன்று முடிகிறது, 15% வரிசை அதே 2018-04-01 அன்று தொடங்குகிறது, அந்த நாள் இரண்டாவதற்கே சொந்தம். மார்ச் 31 என்று எழுதினால், நேரமும் சேர்ந்த தரவு வரும் நாளில் மார்ச் 31 பிற்பகல் எந்த விகிதத்திலும் அடங்காமல் நிற்கும். இரண்டு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தடுக்க போஸ்ட்கிரஸ்ஸில் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கிறது. வேறு தரவுத்தளங்களில் டிரிகர் (தரவு மாறும்போது தானாக ஓடும் சிறு நிரல்) எழுத வேண்டியிருக்கும்.

இந்த வடிவம் எவ்வளவு பயன் தரும் என்பது 2025-இல் தெரிந்தது. மார்ச் மாத பட்ஜெட்டில் மே 1 முதல் 15.5% என்று அறிவித்தார்கள். மே 1-க்கு ஒரு வாரம் இருக்கும்போது உயர்வு இல்லை என்று திரும்பப் பெற்றார்கள். தேதியிட்ட வரிசைகள் வைத்திருந்தவருக்கு வேலை இவ்வளவுதான்: வருங்கால வரிசை ஒன்றைச் சேர்த்தார், பிறகு அதை நீக்கி 15% வரிசையின் முடிவு நாளை மறுபடி காலியாக்கினார். நிரலை யாரும் தொடவில்லை.

இதற்கு மேல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விலைப்பட்டியல் வரிசையில் அன்று போட்ட விகிதத்தையும் ரேண்ட் தொகையையும் எழுதி வைக்க வேண்டும். விகித அட்டவணையிலிருந்து கணக்கிட்டு எடுக்கலாமே, இது இரட்டிப்பு ஆகாதா என்று சிலர் வாதாடுவார்கள். ஆகாது. ‘அன்று சட்டப்படி விகிதம் என்ன’ என்பது ஓர் உண்மை. ‘இந்தத் தாளில் நாம் என்ன விகிதம் போட்டோம்’ என்பது வேறோர் உண்மை. தவறாகவே போட்டிருந்தாலும் இரண்டாவது மாறாது. திருத்தத்துக்கு வரவுக் குறிப்புதான் எழுத வேண்டும்.

நன்கொடை ரசீதிலும் இதே கதை. அறப்பணிப் பிரிவுக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ அனுமதி (நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் அனுமதி) இருந்தால், 2023 மார்ச் 1 முதல் ரசீதில் நன்கொடையாளரின் வகை, அடையாள வகையும் எண்ணும், தொடர்பு விவரம் எல்லாம் வர வேண்டும். நன்கொடையாளர் கம்பெனியாகவோ டிரஸ்டாகவோ இருக்கலாம். ஆகவே ‘நன்கொடையாளர்’ அட்டவணை ‘உறுப்பினர்’ அட்டவணையிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். அப்படிப் பிரித்து வைத்திருந்தால் இந்த விதி மாற்றத்துக்கு ஓர் அட்டவணையில் நான்கைந்து நெடுவரிசை சேர்த்தால் போதும். ரசீதில் அச்சான பெயரும் முகவரியும் மட்டும் அச்சானபடி ரசீது வரிசையிலேயே உறைந்திருக்கட்டும். ரத்தான ரசீதை அழிக்காதீர்கள்; நிலை, ரத்தான நாள், காரணம் என்று குறியுங்கள். ஃபாரின் கீயில் ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ போட்டு, நன்கொடையாளரை நீக்கியதும் பத்தாண்டு ரசீதும் சேர்ந்து போவது ஒரு நொடியில் நடக்கும். அங்கே நீக்குவதையே தடுக்கும் ‘ரெஸ்ட்ரிக்ட்’ போடுங்கள். பணத்துக்கு டெசிமல் வகை. தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வேண்டவே வேண்டாம்.

எங்கே நிறுத்துவது

தொடர்பில்லாத இரண்டு பட்டியல்களை ஓர் அட்டவணையில் கலக்காதே என்னும் நான்காவது நார்மல் ஃபார்ம் நடைமுறையில் வராது என்பவர்களுக்கு வாத்தியக்காரரைக் காட்டலாம். ஒருவர் நாதசுரம், தவில், மிருதங்கம் மூன்றும் வாசிப்பார். வாரத்தில் நான்கு நாள் வர முடியும். வாத்தியத்தையும் நாளையும் ஒரே அட்டவணையில் வைத்தால் 3 × 4, பன்னிரண்டு வரிசை. கஞ்சிரா கற்றுக்கொண்டால் இன்னும் நான்கு. அதில் ஒன்றை மறந்தால், வெள்ளிக்கிழமை அவருக்குக் கஞ்சிரா வாசிக்கத் தெரியாது என்று தரவுத்தளம் சொல்லும். வாத்தியம் ஓர் அட்டவணை, நாள் ஓர் அட்டவணை என்று பிரித்தால் 3 + 4, ஏழே வரிசை. புது வாத்தியத்துக்கு ஒன்று கூடும்.

பிரிப்பதில் ருசி கண்டவர்கள் அதிகமாகவும் போவார்கள். குடும்பப் பெயருக்கு ஓர் அட்டவணை வைத்து, நாயுடு 1, பிள்ளை 2, மூட்லி 3 என்று எண் கொடுப்பதைச் சொல்கிறேன். குடும்பப் பெயர் ஒரு பொருள் அல்ல. அதற்கென்று மாறும் விவரம் எதுவும் கிடையாது. ஒரே மரபில் வந்த இரண்டு வீடுகள் கோவெண்டர் என்றும் கவுண்டன் என்றும் எழுதுவார்கள். அடையாள ஆவணத்தில் உள்ள எழுத்துதான் அவரவர் பெயர். ஒருவர் தம் எழுத்தை மாற்றினால் நாற்பது பேருடைய பெயர் மாறக் கூடாது. எழுத்தாகவே வையுங்கள். தமிழில் எழுதும் வடிவம், வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டுமானால் ‘உறுப்பினர்_பெயர்’ என்று வகையோடு தனி அட்டவணை போடலாம்.

இன்னொரு மயக்கம் இதைவிட ஆபத்தானது. ‘எதிர்காலத்தில் எதுவும் சேர்க்கலாம்’ என்று உறுப்பினர் எண், பண்பு, மதிப்பு என மூன்றே நெடுவரிசையில் எல்லாவற்றையும் கொட்டுவது. அட்டவணையை மாற்றவே வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் பிறந்த நாளும் எழுத்து, தொகையும் எழுத்து. ‘கைபேசி’, ‘கைப்பேசி’, ‘மொபைல்’ என்று ஒரே பண்பு மூன்று பெயரில் ஏறும். கட்டாயம் என்ற விதியைப் போட முடியாது. ஒருவரின் முழு விவரத்தை எடுக்கப் பதினைந்து ஜாயின் (அட்டவணை இணைப்பு). மாற்றுவதற்குச் சுலபமாகத் தெரியும் இந்த அட்டவணைதான் கடைசியில் யாரும் மாற்றப் பயப்படும் அட்டவணையாகிறது. நிஜமாகவே வடிவம் தெரியாத சிறு விவரங்களுக்கு ஒரு ஜேசான் நெடுவரிசை (பெயரும் மதிப்புமாக எதையும் ஏற்கும் வடிவம்) போதும்; அதில் ஏதாவது ஒன்றைக் கொரியில் அடிக்கடி தேட ஆரம்பித்தால், அதற்குச் சொந்த நெடுவரிசை கொடுக்கும் வேளை வந்துவிட்டது.

ரசீது நிலை போன்ற சிறு பட்டியல்களுக்கு, அனுமதித்த மதிப்புகளை வகையிலேயே எழுதிவைக்கும் ‘ஈனம்’ (enum) வகையைவிடச் சிறு அட்டவணையும் ஃபாரின் கீயும் மேல். போஸ்ட்கிரஸ் ஈனத்தில் புது மதிப்பைச் சேர்க்கலாம், பழையதை எடுக்க நேர்வழி இல்லை.

ஓடும் தளத்தில் மாற்றுவது

மேலே சொன்ன எதையும் முதல் நாளே சரியாகச் செய்ய முடியாது. ஆகவே மாற்றும் முறையையும் சொல்லியாக வேண்டும். ‘கைபேசி 1’, ‘கைபேசி 2’ நெடுவரிசைகளைத் தனி அட்டவணைக்குக் கொண்டுபோவதை எடுத்துக்கொள்வோம்.

முதலில் ‘உறுப்பினர்_தொலைபேசி’ அட்டவணை: உறுப்பினர் எண், தொலைபேசி எண், வகை, முதன்மையா இல்லையா. தொலைபேசி எண்ணைத் தனியாக யூனிக் ஆக்க வேண்டாம். ஆயாவும் பேரனும் ஒரே கைபேசியைக் கொடுப்பார்கள். உறுப்பினரும் எண்ணும் சேர்ந்து யூனிக். ஒருவருக்கு ஒரே முதன்மை எண் என்பதற்குப் பார்ஷியல் யூனிக் இண்டெக்ஸ் (முதன்மை வரிசைகளுக்கு மட்டும் பொருந்தும் யூனிக் தேடுபட்டியல்). ஃபாரின் கீ நெடுவரிசைக்கு இண்டெக்ஸை நீங்களே போட வேண்டும். போஸ்ட்கிரஸ் தானாகப் போடாது, மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி போடும். எஸ்கியூலைட் என்றால், ஒவ்வோர் இணைப்பிலும் ஃபாரின் கீ சரிபார்ப்பை இயக்க வேண்டும். இயல்பாக அது அணைந்தே இருக்கும். பழைய மைஎஸ்கியூஎல்லில், அதாவது 8.0.16-க்கு முன், செக் விதி (மதிப்பைச் சரிபார்க்கும் விதி) எழுதினால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் எதையும் தடுக்காது.

அடுத்து, செயலி பழைய இடத்திலும் புது இடத்திலும், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது என்ற முறையில், ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதட்டும். அதன்பின் பழைய தரவை ஆயிரம் ஆயிரமாக நகர்த்துங்கள். இடைவெளி, கோடு எல்லாம் நீக்கி, 0-வில் தொடங்கும் பத்து இலக்கத்தை +27-உம் ஒன்பது இலக்கமும் ஆக்குங்கள். எக்செல் 0-வைத் தின்ற ஒன்பது இலக்கமும் இதில் மீண்டுவிடும். ‘அண்ணன் நம்பர்’ என்று எழுதியிருப்பதைத் தூக்கி எறியாமல், மனிதர் பார்த்துத் தீர்க்க ஒரு தனி அட்டவணையில் சேருங்கள். முடிந்ததும் எண்ணிப் பாருங்கள்: பழைய இரண்டு நெடுவரிசையில் காலியில்லாதவை எத்தனையோ, புது வரிசைகள், ஒதுக்கியவை, இரட்டையாக வந்தவை மூன்றையும் கூட்டினால் அத்தனை வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

பூட்டு விஷயத்தில் கவனம் தேவை. போஸ்ட்கிரஸ் 11 முதல் மாறாத டீஃபால்ட்டோடு நெடுவரிசை சேர்ப்பது அட்டவணை எவ்வளவு பெரிதானாலும் நொடியில் முடியும். ஆனால் அந்த நொடிக்கும் முழுப் பூட்டு தேவை. யாரோ நீண்ட அறிக்கை ஓட்டிக்கொண்டிருந்தால் உங்கள் ஆல்டர் (அட்டவணையை மாற்றும் கட்டளை) காத்திருக்கும், அதன் பின்னால் வரும் எல்லாரும் காத்திருப்பார்கள். லாக் டைம்அவுட்டை (பூட்டுக்குக் காத்திருக்கும் எல்லையை) மூன்று விநாடி என்று வைத்து, தோற்றால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலுங்கள். பெரிய அட்டவணையில் ஃபாரின் கீ சேர்க்கும்போது முதலில் ‘நாட் வேலிட்’ (பழைய வரிசைகளை இப்போது சோதிக்காதே) என்று சேர்த்து, பிறகு தனியாக வேலிடேட் செய்யுங்கள். இண்டெக்ஸை, எழுதுவதைத் தடுக்காத ‘கன்கரன்ட்லி’ முறையில் உருவாக்குங்கள்.

பிறகு படிக்கும் பக்கத்தைப் புது அட்டவணைக்கு மாற்றலாம். பழைய வடிவத்தை நம்பியிருக்கும் அறிக்கைகளுக்கு, அதே நெடுவரிசைப் பெயர்களோடு ஒரு வியூ (அட்டவணை போலத் தெரியும் சேமித்த கொரி) கொடுத்தால் பொருளாளரின் எக்செல் இணைப்பு உடையாது. பழைய நெடுவரிசைகளை அன்றே நீக்க வேண்டாம். முதலில் அவற்றில் எழுதுவதை நிறுத்துங்கள். ஒரு தைப்பூசப் பதிவும், பிப்ரவரி இறுதியில் முடியும் ஒரு வரியாண்டின் ரசீது வேலையும் புது அட்டவணையில் சிக்கலின்றி ஓடி முடியட்டும். நீக்கும் நாளுக்கு முந்தைய இரவு எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, உறுப்பினர் எண்ணிக்கையும் மொத்த நன்கொடைத் தொகையும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு நெடுவரிசையை நீக்கும் ‘டிராப் காலம்’ (drop column) கட்டளையை ஓட்டுங்கள்.